மலைவீட்டின் இரண்டாவது கடிகாரம்

ஏற்காட்டில் யாரும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான், கோடையிலும் குளிரிலும் அது மாறாது. ஆனால் மகன் லண்டனில், மகள் நியூ ஜெர்சியில், பேரன் சிட்னியில் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் தலைச்சோலையிலும் உண்டு, நாகலூரிலும் உண்டு. அந்த வீடுகளின் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் தொங்கும். ஒன்றில் நம் நேரம், மற்றொன்றில் பிள்ளை இருக்கும் ஊரின் நேரம். மார்ச் மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் பொய் சொல்லத் தொடங்கும். அதை யார், எப்போது, எப்படித் திருத்துவது என்பதுதான் இந்த அத்தியாயம். பழைய பெண்டுலக் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எதற்கு இந்த மாற்றம்

லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீளும், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. கோடையில் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விடிந்து வீணாகும் வெளிச்சத்தை மாலைக்குத் தள்ளுவதற்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறார்கள், குளிர்காலம் நெருங்கும்போது திரும்பப் பின்னே வைக்கிறார்கள். 1916இல், முதல் உலகப்போரின் நடுவே, ஜெர்மனி இதைத் தொடங்கியது. பிரிட்டன் சில வாரங்களிலேயே பின்பற்றியது. ஏற்காட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நமக்குத் தள்ளி வைக்க வெளிச்சம் மிச்சமில்லை.

நம் மலையில் கடிகாரம் மாறியதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. இதனால் வரும் ஜாதகச் சிக்கலைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

முதல் விதி: வீட்டு நேரத்தைத் தொடாதீர்கள்

எத்தனை கடிகாரம் இருந்தாலும் மாற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூடத்துப் பெரிய கடிகாரம், சமையலறைக் கடிகாரம், அலாரம், கைக்கடிகாரம் எல்லாம் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும். “அமெரிக்காவில் நேரம் மாறிவிட்டதாம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சேலம் பஸ்ஸைத் தவறவிடுகிற விபரீதம் அதிகமும் முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில்தான் நடக்கும். ஆகவே:

1. இரண்டாவது கடிகாரம் பார்த்தவுடன் வேறாகத் தெரிய வேண்டும். முதலாவது வட்டம் என்றால் இது சதுரம். அதுவும் போதாதென்றால் வேறு நிறம்.
2. அதன் கீழே ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ‘மகன்’ என்று எழுதாதீர்கள். மகன் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விடுவான், கடிகாரம் மட்டும் பழைய ஊரிலேயே நின்றுவிடும்.
3. வெளிநாட்டு நேரக் கடிகாரத்தில் அலாரம் வைக்காதீர்கள்.
4. மாத்திரை வேளை எப்போதும் முதல் கடிகாரத்தின்படிதான். இதைப் பெரியவர்களிடம் இருமுறை சொல்லுங்கள்.

எந்த ஊருக்கு எந்த நாள்

எல்லா நாடுகளும் ஒரே நாளில் மாற்றினால் இந்த அத்தியாயம் பாதியாகச் சுருங்கியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்வதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. பிரிட்டனிலும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளிலும் மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு போன்ற ஊர்களுக்குத் தலைகீழ். அங்கே கோடை நம் மார்கழியில் வருவதால் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே.

2026ஆம் ஆண்டுக்கு இதைத் தேதியாக எழுதினால்: அமெரிக்கா மார்ச் 8, நவம்பர் 1. பிரிட்டன் மார்ச் 29, அக்டோபர் 25. சிட்னி ஏப்ரல் 5, அக்டோபர் 4.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், சவூதி, இலங்கை ஆகிய இடங்களில் மாற்றமே கிடையாது. பிள்ளை அங்கே இருந்தால் கடிகாரத்தை ஒருமுறை சரியாக வைத்துவிட்டு இந்த அத்தியாயத்தின் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். ஒரே நாட்டுக்குள்ளும் விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸும் மாற்றுவதில்லை. நாட்டைக் கேட்டால் போதாது, ஊரைக் கேட்க வேண்டும்.

இனி நம் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கு. முதலில் வருவது அங்கே குளிர்காலத்துக்கு, அடுத்தது கோடைக்கு.

லண்டன்: ஐந்தரை மணி நேரம் பின்னே, நாலரை பின்னே.
பாரிஸ், பெர்லின், சூரிச்: நாலரை பின்னே, மூன்றரை பின்னே.
நியூயார்க், நியூ ஜெர்சி, டொரண்டோ: பத்தரை பின்னே; ஒன்பதரை பின்னே.
சிகாகோ, டல்லாஸ்: பதினொன்றரை பின்னே, பத்தரை பின்னே.
சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில்: பதிமூன்றரை பின்னே; பன்னிரண்டரை பின்னே.
சிட்னி, மெல்போர்ன்: நாலரை முன்னே, ஐந்தரை முன்னே.

இதைக் கையால் எழுதிக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்கள் பிள்ளை இருக்கும் ஊரின் வரி மட்டும் போதும். ஆறு வரியையும் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மகன் லண்டனிலும் மகள் நியூ ஜெர்சியிலும் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மார்ச்சில் அமெரிக்கா மாற்றிய பிறகு பிரிட்டன் மாற்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளைக்குப் புதுக்கணக்கு, மற்றவருக்குப் பழைய கணக்கு. அக்டோபர் கடைசியில் இதே குழப்பம் ஒரு வாரம் மட்டும் வரும். எல்லோரும் சேர்ந்து பேசும் வீடியோ அழைப்புகள் அந்த வாரங்களில்தான் கெடும்.

நம் சுவரில் எத்தனை மணிக்கு மாற்றுவது

அங்கே நள்ளிரவு தாண்டி மாற்றுகிறார்கள். அதற்காக நாம் கண்விழிக்க வேண்டியதில்லை, நம் ஊரில் அது வேறு பொழுதாக இருக்கும். பிரிட்டனும் ஐரோப்பாவும் இரண்டு முறையும் நமக்கு ஞாயிறு காலை 6.30. நியூயார்க் மார்ச்சில் ஞாயிறு பகல் 12.30, நவம்பரில் 11.30. சான் பிரான்சிஸ்கோ மார்ச்சில் பிற்பகல் 3.30, நவம்பரில் 2.30. சிட்னிக்கு மட்டும் சனிக்கிழமை இரவு 9.30லேயே வேலை முடிந்துவிடும்.

எந்த ஊரானாலும் ஞாயிறு மாலை காபிக்குப் பிறகு உட்கார்ந்து நிதானமாக மாற்றலாம். முதல் நாளே மாற்றி வைப்பதுதான் தவறு. அன்று இரவு பிள்ளை எழுந்திருப்பான் என்று நம்பி அழைத்துத் தூக்கத்தைக் கெடுப்பீர்கள்.

செல் போட்ட சுவர்க்கடிகாரத்தை மாற்றுவது

கடைகளில் கிடைக்கும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம்தான் இரண்டாவது கடிகாரமாக இருக்கச் சிறந்தது. ஒரே ஒரு பென்சில் செல், முன்னும் பின்னும் திரும்பும் சக்கரம், அவ்வளவுதான். பாட்டுப் பாடும், மணி அடிக்கும் வகையை இதற்கு வாங்காதீர்கள். லண்டன் நேரப்படி நம் வீட்டில் விடிகாலை நாலரைக்குப் பதினோரு மணி அடிப்பதை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

1. உறுதியான ஸ்டூலையோ சிறு ஏணியையோ போடுங்கள். நாற்காலியின் கைப்பிடி, சோபாவின் முதுகு, ஜன்னல் விளிம்பு வேண்டாம். மழைக்காலத்தில் சிமெண்ட் தரை வியர்த்திருக்கும், ஸ்டூல் கால்களைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் கீழே நிற்கட்டும், வேறொருவர் ஏறட்டும்.
2. கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் துணி விரித்துக் கண்ணாடி கீழே இருக்கும்படி வையுங்கள். சுவரிலேயே வைத்துப் பின்பக்கம் கைவிட்டுத் திருப்ப முயலாதீர்கள்.
3. கழற்றிய கையோடு ஆணியை ஆட்டிப் பாருங்கள். பனியும் ஈரமும் ஊறிய பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி தளர்ந்திருப்பது சகஜம். ஆடினால் இப்போதே மரக்குச்சியோ பிளாஸ்டிக் பிளக்கோ அடித்து இறுக்குங்கள்.
4. செல்லைக் கழற்றுங்கள். நொடிமுள் பன்னிரண்டில் நிற்கும் கணத்தில் கழற்றினால் பிற்பாடு வசதி.
5. பின்பக்கச் சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். முன்பக்கம் முள்ளை விரலால் தள்ளவே கூடாது. மெல்லிய அலுமினிய முட்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, பிறகு மாதாமாதம் ஏதோ ஒரு மணியில் சிக்கி நிற்கும்.
6. முன்னே வைப்பதென்றால் பெரிய முள் ஒரு முழுச்சுற்று முன்னோக்கிப் போக வேண்டும், பின்னே வைப்பதென்றால் ஒரு முழுச்சுற்று பின்னோக்கி. சுற்று முடிந்ததும் நிமிடம் முன்பிருந்த அதே இடத்துக்கு வந்திருக்க வேண்டும். இதற்கிடையே வேலைக்கு எடுத்துக்கொண்ட சில நிமிடங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.
7. செல்போனில் அந்த ஊரின் நேரத்தைத் திறந்து வைத்து, அடுத்த நிமிடம் பிறக்கும் கணத்தில் செல்லைப் போடுங்கள்.
8. கடிகாரத்தின் முதுகில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, இன்று மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, ‘முன்னே’ அல்லது ‘பின்னே’ மூன்றையும் எழுதுங்கள்.

எட்டாவது படியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டில் நடக்கும் வாக்குவாதம் அத்தனையும் அந்தத் துண்டுத்தாள் இல்லாததால் வருவதுதான்.

முன்னேயா பின்னேயா என்று தடுமாறுகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் அந்த ஊரை நினைத்துக்கொள்ளட்டும். அங்கே கோடை பிறக்கப்போகிறது என்றால் முன்னே, குளிர் பிறக்கப்போகிறது என்றால் பின்னே. “நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி குறைகிறதே, அப்படியானால் பின்னேதானே?” என்று யோசிக்கத் தொடங்கினால் தவறிவிடுவீர்கள்.

தலைகீழ் வித்தை

நம் நேரம் காட்டும் முள் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். நம் பகல் பன்னிரண்டைத் தலைகீழாக்கினால் ஆறரை, லண்டனில் அப்போது காலை ஆறரை. ஐந்தரை மணி நேர இடைவெளி தரும் தற்செயல் வசதி இது. ஆனால் இது அங்கே குளிர்காலத்தில் மட்டுமே பலிக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, தலைகீழாகப் பார்த்த நேரத்தோடு ஒரு மணி கூட்ட வேண்டும்.

அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வேறொரு சுருக்கு. கோடையில் நம் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக் காலை மாலையை மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே காலை பத்தரை. குளிர்காலத்தில் ஒன்றரை மட்டும் கூட்டுங்கள், ஒன்பதரை வரும். கலிஃபோர்னியாவுக்குக் கோடையில் அரை மணி கழித்தால் போதும். இங்கே இரவு எட்டு, அங்கே காலை ஏழரை.

செல், பனி, பச்சை

ஏற்காட்டுப் பனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அதனால் கடிகாரம் நின்றால் செல் தீர்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள், செல் உட்காரும் தகரத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைக் கையில் எடுக்கிறீர்கள், அப்போதே இதையும் பார்த்துவிடலாம்.

பூத்திருந்தால் செல்லை எடுத்துவிட்டுக் கையுறை அணிந்து துடையுங்கள். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, சாதாரண செல் கசிந்திருந்தால் தண்ணீரில் குழைத்த சமையல் சோடா. பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. நன்றாகக் காய்ந்த பின்னரே புதுச் செல். கசிந்த செல்லைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பழைய செல்லை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள், அது வெடிக்கும்.

கவனம்: மேசை அலாரங்களிலும் ரிமோட்டுகளிலும் இருக்கும் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் உள்ளே புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகலாம். “தானாக வெளியே வந்துவிடும்” என்று காத்திருக்கக் கூடாது. விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மலையிலிருந்து சேலம் இறங்கவே ஒரு மணி நேரம் போய்விடும், அதற்கு மேல் தாமதிக்க நமக்கு நேரமில்லை.

பெண்டுலக் கடிகாரமும் அதன் பிடிவாதமும்

எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய வீடுகளிலும் சாவி கொடுத்து ஓடும், மணி அடிக்கும் கடிகாரங்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றை வெளிநாட்டு நேரத்துக்கு ஓட விடாதீர்கள். இவை இந்திய நேரத்துக்கே இருக்கட்டும். ஆனால் இந்தக் கடிகாரத்தையே லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ எடுத்துப் போன பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை இந்தப் பாடம் தேவை. இங்கே இருப்பவர்களுக்கும், சாவி கொடுக்க மறந்து நின்றுபோன கடிகாரத்தைத் திருத்தும்போது இதே முறைதான்.

முன்னே வைக்க:

1. பெரிய முள்ளை மட்டும் தொடுங்கள். சின்ன முள் தானே பின்தொடரும்.
2. கடிகாரம் போகும் திசையில் மெல்ல நகர்த்துங்கள். அரை மணியிலும் முழு மணியிலும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டால் அடிக்கும் எண்ணிக்கை வேறு, காட்டும் மணி வேறு என்றாகிவிடும்.

பின்னே வைக்க: பின்னோக்கித் திருப்பாதீர்கள். பல பழைய கடிகாரங்களில் பெரிய முள் பன்னிரண்டையோ ஆறையோ பின்னோக்கித் தாண்டினால் மணி அடிக்கும் பகுதியின் நெம்புகோல் வளைந்துவிடும், சில வேளை உடைந்தே போகும். பாதுகாப்பான வழி சோம்பேறித்தனமானது. பெண்டுலத்தைக் கையால் நிறுத்திவிட்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் தட்டிவிடுங்கள். உலகத்தில் எந்தக் கடிகாரக்காரரும் இதில் குறை சொல்ல மாட்டார்.

எண்ணிக்கை தவறியிருந்தால், உதாரணமாக நான்கு மணிக்கு ஏழு அடித்தால், அடித்த எண்ணைக் கவனித்துச் சின்ன முள்ளை மட்டும் ஏழுக்கு நகர்த்துங்கள். பெரும்பாலான கடிகாரங்களில் அது இறுக்கத்தில் மட்டுமே நிற்பதால் மெல்லத் திருப்பினால் நகரும். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி நிறுத்தி, சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். சின்ன முள் அசைய மறுத்தால் விட்டுவிடுங்கள், பலம் காட்டும் இடமல்ல இது.

சேலத்திலிருந்து வாங்கி வருபவர்களுக்கு இன்னொரு சேதி. அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் தனியே சுற்றாமல் ஏற்றினால், அது தொங்கும் மெல்லிய தகடு வழியிலேயே முறிந்துவிடும். வந்து மாட்டிய பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரசமட்டத்தைவிடக் காது நம்பகமானது: டிக், டாக் இரண்டும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். நொண்டினால் கடிகாரத்தின் அடிப்பாகத்தை இடமோ வலமோ கொஞ்சம் நகர்த்துங்கள்.

கீழே சரியாக ஓடிய கடிகாரம் மேலே வந்ததும் நாளுக்குச் சில நொடி பின்தங்கினால் பழுது என்று எண்ணாதீர்கள். உயரத்தில் ஈர்ப்புவிசை மிகச் சற்றே குறைவதால் பெண்டுலம் மெதுவாகிறது. இரும்புத் தண்டாக இருந்தால் குளிரில் சுருங்கிச் சில நொடிகளை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. பெண்டுலத்தின் அடியில் ஒரு சிறு நட் இருக்கும். அதை மேல்நோக்கி முடுக்கினால் வேகம், கீழே இறக்கினால் மந்தம். அரைச் சுற்று திருப்பி, மூன்று நாள் விட்டுப் பார்த்து, பிறகு அடுத்த அரைச் சுற்று. ஒரே நாளில் நாலு முறை திருப்புபவர்களின் கடிகாரம் ஒருநாளும் சரியாவதில்லை.

ஆபத்து: உள்ளே முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கும். முன்கதவைத் திறந்து முள்ளைத் திருப்பலாம், பெண்டுலத்தைத் தொடலாம், சாவி கொடுக்கலாம். இயந்திரத்தின் தகடுகளைத் திருகு கழற்றிப் பிரிக்கக் கூடாது. அறுந்து பாயும் ஸ்பிரிங் விரலைக் கிழித்துவிடும்.

சரியான நேரம் எங்கே கிடைக்கும்

செல்போனில் ‘தானியங்கி நேரம்’ இயக்கத்தில் இருந்தால் அதுவே போதும். சிக்னல் வந்து போகும் வீடுகளில், நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுப் பாருங்கள். வானொலிப் பெட்டி இருந்தால் செய்திக்கு முன் வரும் ‘பிப்’ ஒலியை வைத்தும் வைக்கலாம். ஆனால் அதே வானொலியைச் செல்போன் செயலி வழியாகக் கேட்டு வைக்காதீர்கள். அந்த ஒலி பல நொடிகள் தாமதமாகவே வந்து சேரும். டிஷ் வழியாக வரும் தொலைக்காட்சிக்கும் அதே குறை உண்டு.

செல்போனின் உலகக் கடிகாரத்தில் ஊரைச் சேர்க்கும்போது ஊர்ப் பெயரையே தேர்ந்தெடுங்கள். ‘கிரீன்விச்சிலிருந்து இத்தனை மணி’ என்று எண்ணாகத் தேர்ந்தெடுத்தால் அது மார்ச்சில் மாறாது.

கைக்கடிகாரத்துக்கு ஒரே ஒரு வரி: தேதி காட்டும் சாவிக் கடிகாரமானால் இரவு ஒன்பதுக்கும் விடிகாலை மூன்றுக்கும் இடையே தேதியைத் திருகாதீர்கள், அந்த நேரத்தில் பற்சக்கரங்கள் பிணைந்திருக்கும்.

பேசும் நேரம்

கடிகாரத்தை மாற்றுவது சுலபம், பழக்கத்தை மாற்றுவதுதான் பாடு. கோடையில் இங்கே இரவு எட்டுக்குப் பேசினால் நியூ ஜெர்சியில் காலை பத்தரை. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அதே எட்டுக்கு அங்கே ஒன்பதரை. யார் தங்கள் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது, யார் நகர்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் இருக்கும் பக்கம் மாறாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. இளையவர்களுக்குக் கைபேசி நினைவூட்டும். பாட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இதில் தேர்வே இல்லை. விடுதி நேரம் இந்திய நேரம், நகர வேண்டியது அவர்கள்தான்.

காபித் தோட்டக்காரர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. அராபிகா விலைக்கு வழிகாட்டும் நியூயார்க் சந்தை அங்கே பிற்பகல் ஒன்றரைக்கு முடிகிறது. நமக்கு அது குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டு, மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு இரவு பதினொன்று. நம் அறுவடை மும்முரமாக நடக்கும் மாதங்களில் முடிவு விலைக்காகக் காத்திருந்தால் தூக்கம்தான் போகும், காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாதகம் எழுதும்போது

அங்கே கோடையில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் இருப்பது ஒரு மணி முன்வைக்கப்பட்ட நேரம். ஜூலை மாதம் காலை 7.20க்குப் பிறந்ததாக நியூ ஜெர்சி மருத்துவமனை எழுதியிருந்தால், பஞ்சாங்கம் பார்த்துக் கையால் கணிக்கும் ஜோதிடருக்கு அது 6.20. இந்த ஒரு மணியில் லக்னமே மாறிப்போகலாம்.

1. சான்றிதழில் உள்ள நேரத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘கோடை நேரம்’ என்று குறிப்பிடுங்கள்.
2. கையால் கணிப்பவரானால் ஒரு மணி கழிக்கச் சொல்லுங்கள்.
3. கணினியில் ஊரைத் தேர்ந்தெடுத்துக் கணித்தால் பெரும்பாலும் மென்பொருளே கழித்துவிடும். நீங்களும் கழித்து, அதுவும் கழித்தால் பிள்ளை ஒரு மணி நேரம் முன்பே பிறந்துவிடும். கழித்தாயிற்றா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையே இந்தியாவில் பிறந்த பெரியவர்களின் குறிப்புகளிலும் இதே ஐயம் எழும். கடிகாரம் பார்த்து எழுதிய நேரமானால் ஒரு மணி கழிக்க வேண்டும், உதயத்திலிருந்து நாழிகைக் கணக்கில் எழுதியிருந்தால் தொட வேண்டாம். இலங்கையில் பிறந்தவர்களுக்கு இன்னொரு காலமும் உண்டு. அங்கே 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே புழங்கியது. எந்த ஊர், யார் குறித்தது என்று விசாரிக்காமல் கணிக்கக் கூடாது.

நீங்களே அங்கே போயிருந்தால்

மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் போய் இருப்பவர்கள் ஒரு மாற்றத்தையாவது நேரில் சந்திப்பார்கள். செல்போனும் கணினியும் தானே மாறிவிடும். மைக்ரோவேவ், அடுப்பு, சுவர்க்கடிகாரம், பல கார்களின் கடிகாரம் மாறாது. சனி இரவு படுக்கும் முன் சுவர்க்கடிகாரத்தை மட்டும் மாற்றிவையுங்கள், மற்றவற்றைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். மார்ச்சில் ஒரு மணி நேரத் தூக்கம் குறையும், அடுத்த நாள் நீண்ட தூரம் கார் ஓட்டுவதைத் தவிருங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வேளை மாற்றத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு

ஞாயிறு இரவு பேசும்போது முதலில் ஒன்று கேளுங்கள்: “அங்கே இப்போ மணி என்னப்பா?” அவன் சொல்லும் நேரத்தைச் சுவரோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி வேறுபட்டால் நீங்கள் மாற்ற மறந்திருக்கிறீர்கள், இரண்டு மணி வேறுபட்டால் எதிர்ப்பக்கம் மாற்றியிருக்கிறீர்கள். அடுத்த மாற்றம் எந்தத் தேதி என்பதையும் அவனிடமே கேட்டுத் தினசரிக் காலண்டரில் குறியுங்கள். இந்தத் தேதிகள் சட்டத்தால் வருபவை, சட்டம் மாறினால் தேதியும் மாறும். அமெரிக்காவே 2007இல் தன் தேதிகளை மாற்றியிருக்கிறது.